நெல் அவிக்கும் ஆலையின் பொயிலருக்கும் பம்பிகளுக்கும் எவ்வகை அமுக்கமானிகளைப் பொருத்துவது?

கேள்வி: கிளிநொச்சி ஆலைப் பராமரிப்பாளர்

வணக்கம். கிளிநொச்சிப் பக்கத்தில் நெல் அவித்துக் குற்றும் ஆலையொன்றின் இயந்திரப் பராமரிப்பு அண்மையில் என் பொறுப்புக்கு வந்திருக்கின்றது. உமியில் எரியும் நீராவிப் பொயிலர், அதற்கு நீர் ஊட்டும் பம்பி, கிணற்றிலிருந்து மேல்தொட்டிக்கு நீர் ஏற்றும் பம்பி, காற்றுக் கொம்பிரசர் ஆகியவை இங்கே உள்ளன. பொயிலரை வழக்கமாக 7 பார் அமுக்கத்தில் வைத்திருக்கின்றோம். 8 பாரைத் தாண்டக் கூடாது என்று அதன் பரிசோதனைச் சான்றிதழில் குறிக்கப்பட்டுள்ளது.

பொயிலரில் பூட்டும் அமுக்கமானி ஒரு போகத்தைக்கூட ஒழுங்காகத் தாண்டுவதில்லை. நெருப்பை அணைத்துப் பொயிலர் முற்றாக ஆறிய பின்னரும் முள் பூச்சியத்துக்கு இறங்காமல், 1 பாருக்குச் சற்று மேலே நின்றுவிடுகின்றது. பொயிலரின் மேற்புறத்திலிருந்து வரும் ஒரு குட்டைக் குழாயின் நுனியில் அது நேராகப் பூட்டப்பட்டிருக்கின்றது. நகரிலுள்ள இரும்புக் கடையில் கிடைக்கும் பித்தளை அமுக்கமானியையே ஒவ்வொரு முறையும் வாங்கி மாற்றி வந்திருக்கின்றார்கள். ஊட்டு பம்பியில் உள்ளதன் நிலை வேறு. பம்பி ஓடும்போது முள் நடுங்கும் நடுக்கத்தில் அது எந்த எண்ணைக் காட்டுகின்றது என்றே சொல்ல முடிவதில்லை. கொஞ்சக் காலத்தில் முள் கழன்று கண்ணாடிக்குள் விழுந்துவிடுகின்றது. கிணற்றுப் பம்பியில் அமுக்கமானியே இல்லை.

காலபோக நெல் வரத் தொடங்குமுன் எல்லாவற்றையும் மாற்றிவிட நிர்வாகம் சம்மதித்திருக்கின்றது. எந்த அளவெல்லை உள்ளதை வாங்குவது, கிளிசரின் நிரப்பியதை எல்லா இடத்திலும் பூட்டலாமா, விலையில் இவ்வளவு வேறுபாடு ஏன் என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும். உலைக்கு உமி தள்ளுபவரின் கண்மட்டத்துக்குப் பொயிலர் அமுக்கமானியை இறக்கிப் பூட்டவும் விரும்புகின்றோம். அது ஏறத்தாழ 3 மீற்றர் கீழே வரும்.

பதில்: வவுனியா பொயிலர் வேலைக்காரர்

தம்பி, உங்கள் பொயிலர் அமுக்கமானி பழுதாவதற்கான காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். குட்டைக் குழாயில் நேராகப் பூட்டினால் நீராவி அப்படியே உள்ளே போகின்றது. 7 பாரில் நிரம்பிய நீராவியின் வெப்பநிலை ஏறத்தாழ 170 பாகை செல்சியஸ். கடையில் மலிவாகக் கிடைக்கும் பித்தளை அமுக்கமானியின் உள்ளே வளைந்திருந்து, அமுக்கம் ஏறும்போது சற்று நிமிர்ந்து முள்ளை நகர்த்தும் போர்டன் குழாய் பெரும்பாலும் ஈயப்பற்றினால் ஒட்டப்பட்டதாக இருக்கும். அவ்வகையானது உள்ளே வரும் பொருளின் வெப்பம் 60 பாகையைத் தாண்டாத இடங்களுக்கென்று செய்யப்பட்டது. வெந்த குழாய் தன் மீள்தன்மையை இழந்து, நிமிர்ந்த நிலையிலேயே கொஞ்சம் தங்கிவிடுகின்றது. பொயிலர் ஆறிய பின்னரும் முள் 1 பாரில் நிற்பது அதனால்தான். அந்த அமுக்கமானியை இனி ஓரிடத்திலும் பயன்படுத்த வேண்டாம். முள்ளைக் கழற்றிப் பூச்சியத்தில் வைத்துப் பூட்டித் தருகின்றோம் என்று சிலர் சொல்வார்கள். முள் பூச்சியத்துக்கு வரும், உள்ளிருக்கும் குழாய் பழைய நிலைக்கு வராது.

நீராவிக்கும் அமுக்கமானிக்கும் இடையில் சைபன் குழாய் கட்டாயம் இருக்க வேண்டும். குழாய் பொயிலரிலிருந்து மேல்நோக்கிப் புறப்பட்டால் வட்டமாக ஒரு சுற்றுச் சுற்றிய சைபனையும், பக்கவாட்டில் புறப்பட்டால் ஆங்கில எழுத்து ‘யு’ போல வளைந்த சைபனையும் பூட்டுவார்கள். அந்த வளைவில் ஆறிய நீர் தங்கி நிற்பதால் நீராவி அமுக்கமானியைத் தொடாது, நீர் மட்டுமே தொடும். இங்கே பலரும் தவறவிடும் ஒரு வேலை உண்டு: புதிய சைபனைப் பூட்டியவுடன் வால்வைத் திறக்கக் கூடாது. அமுக்கமானியைப் பூட்டுமுன் சைபனுக்குள் சுத்தமான நீரை ஊற்றி நிரப்ப வேண்டும். வெறும் சைபனுக்குள் நீராவியைத் திறந்துவிட்டால், அது ஒடுங்கி நீராகுமுன்னரே முதல் வீச்சு அமுக்கமானிக்குள் போய்விடும். பொயிலரைக் கழுவித் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் இந்த நீர் இருக்கின்றதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அளவெல்லையைப் பொறுத்தவரை, கூடிய அனுமதி அமுக்கத்தின் இரண்டு மடங்கு என்பதே பொயிலர் வேலையில் நெடுங்காலமாக வழங்கிவரும் கணக்கு. ஒன்றரை மடங்குக்குக் குறையக் கூடாது. உங்களுடையது 8 பார் என்பதால் 0 முதல் 16 பார் வரையானது சரியாகப் பொருந்தும். 7 பாரில் முள் முகப்பின் நடுப்பகுதியில் நிற்பதால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கும் தெளிவாகத் தெரியும். முகப்பு 100 மில்லிமீற்றருக்குக் குறைய வேண்டாம். உலைப்பக்கம் புகையும் உமித்தூசியும் கூடுதலாக இருந்தால் 160 மில்லிமீற்றர் வாங்குங்கள்.

1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தையும் கவனத்தில் கொள்ளுங்கள். பொயிலரை இயக்குபவர் இலகுவாகப் பார்க்கக்கூடிய இடத்தில் அமுக்கமானி இருக்க வேண்டும் என்பதும், கூடிய அனுமதி அமுக்கம் அதில் வேறு நிறத்தில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதும் சட்டம் எதிர்பார்ப்பவை. ஆகவே கண்மட்டத்துக்கு இறக்கும் உங்கள் எண்ணம் நல்லது. பார், பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்) இரண்டும் உள்ள முகப்பாக வாங்கினால் பரிசோதிக்க வருபவருக்கும் வசதி. 8 பார் என்பது 116 பிஎஸ்ஐ.

பதில்: கருவித் தொழில்நுட்பவியலாளர், மாங்குளம்

மேலே ஐயா சொன்னதோடு முழுமையாக உடன்படுகின்றேன். பம்பிகளையும் விலை வேறுபாட்டையும் பற்றி நான் எழுதுகின்றேன்.

விலைக்கு முதற் காரணம் துல்லிய வகுப்பு. முகப்பின் அடியில் சிறிய எழுத்தில் 1.0, 1.6, 2.5 என்று ஓர் எண் இருக்கும். அது முழு அளவெல்லையின் வீதத்தில் அனுமதிக்கப்படும் பிழை. முள் அந்நேரம் நிற்கும் இடத்தின் வீதத்தில் அது கணக்கிடப்படுவதில்லை. 16 பார் அமுக்கமானி 1.6 வகுப்பைச் சேர்ந்ததானால், அது 2 பாரைக் காட்டும்போதும் 14 பாரைக் காட்டும்போதும் ஏறத்தாழ 0.26 பார் கூடவோ குறையவோ இருக்கலாம். பெரிய எண் உள்ளதை வாங்கினால் பாதுகாப்பு என்று நினைத்து 7 பார் வேலைக்கு 40 பார் அமுக்கமானியைப் பூட்டினால், அதே வகுப்பில் பிழை 0.64 பாராகிவிடும், முள்ளும் முகப்பின் தொடக்கத்திலேயே ஒதுங்கிக் கிடக்கும். பொயிலருக்கு 1.0 வகுப்பும், பம்பிகளுக்கும் கொம்பிரசருக்கும் 1.6 வகுப்பும் போதும் என்பது என் கருத்து. முகப்பில் வகுப்பு எண்ணே அச்சிடப்படாத அமுக்கமானியை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.

அமுக்கம் நிலையாக இருக்கும் இடத்தில் முள் முழு அளவெல்லையின் நான்கில் மூன்று பங்கைத் தாண்டாமலும், ஏறி இறங்கும் இடத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாகவும் நிற்கும்படி தெரிவு செய்யுங்கள். பொயிலருக்குள் நீரைத் தள்ளும் ஊட்டு பம்பி பொயிலரின் அமுக்கத்தை வென்றாக வேண்டும் என்பதால், அதன் வெளியேற்றப் பக்கம் 7 பாரை விடக் கூடுதலாகவே இருக்கும். அங்கே பம்பியின் தகட்டில் எழுதியிருக்கும் கூடிய அமுக்கத்தைப் பார்த்து, 16 அல்லது 25 பார் என்று முடிவு செய்யுங்கள்.

ஊட்டு பம்பியின் முள் நடுங்குவதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம், இரண்டுக்கும் மருந்து வேறு. ஒன்று பம்பியின் உடல் அதிர்வு. மற்றது குழாய்க்குள் நீரின் அமுக்கம் துடிப்பது. உடல் அதிர்வுக்குக் கிளிசரின் நிரப்பிய அமுக்கமானி பொருத்தமானது. அதிர்வு மிகக் கடுமையென்றால் அமுக்கமானியைச் சுவரிலோ தனிக் கம்பத்திலோ பூட்டி, வளையக்கூடிய குழாயினால் பம்பியோடு இணைப்பது அதைவிட நல்லது. நீரின் துடிப்புக்கு அமுக்கமானியின் வாயில் சிறு துளையுள்ள தடுப்புத் திருகு போட வேண்டும். நம் பகுதிக் கிணற்று நீர் வன்னீர் என்பதால் அந்தச் சிறு துளை சுண்ணாம்புப் படிவினால் அடைபடும். அடைபட்டால் முள் மிக அமைதியாக நிற்கும், பம்பி நின்ற பின்னரும் அப்படியே நிற்கும். ஆகவே பம்பியை நிறுத்தும்போதெல்லாம் முள் உடனே இறங்குகின்றதா என்று பார்ப்பதை இயக்குபவரின் வழக்கமாக்கிவிடுங்கள்.

கிளிசரினை எல்லா இடத்துக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கிளிசரின் நிரப்பியவை பொதுவாக 100 பாகை வரையான வெப்பத்துக்கே செய்யப்படுகின்றன. பொயிலருக்குச் சைபனோடு கூடிய, நிரப்பப்படாத அமுக்கமானியே நல்லது. அங்கே அதிர்வும் இல்லை. பம்பிக்குக் கிளிசரின் வாங்கினால், மேற்புறத்தில் உள்ள இறப்பர் அடைப்பைக் கவனியுங்கள். பூட்டிய பின் அதைத் திறந்த நிலைக்குத் திருப்பிவிடவோ, நுனியை வெட்டிவிடவோ வேண்டும் என்று உற்பத்தியாளர் குறிப்பில் இருக்கும். திறக்காவிட்டால் வெயிலில் கிளிசரின் விரிந்து பெட்டிக்குள் அமுக்கம் கூடி, அளவெல்லை குறைந்த அமுக்கமானிகளில் வாசிப்பையே மாற்றிவிடும்.

கிணற்றுப் பம்பிக்கு இரண்டு பூட்டுங்கள். வெளியேற்றப் பக்கத்தில் சாதாரணமானது ஒன்று. உறிஞ்சும் பக்கத்தில் பூச்சியத்துக்குக் கீழே மறை 1 பார் வரையும் காட்டும் கூட்டு அமுக்கமானி ஒன்று. சித்திரை, வைகாசியில் கிணற்று நீர்மட்டம் இறங்கும்போதும், அடிவால்வின் சல்லடையைப் பாசியோ சேறோ மூடும்போதும் உறிஞ்சும் பக்க முள் நாளுக்கு நாள் கீழே போவதைக் காணலாம். பம்பி சூடேறி வேலையைக் கெடுக்குமுன் அது உங்களுக்குச் சொல்லிவிடும். இவ்வளவு சிறிய செலவில் இவ்வளவு பயன் தரும் கருவி வேறொன்று ஆலையில் இல்லை என்றே சொல்வேன்.

பூட்டும் முறையிலும் கவனம் வேண்டும். அரை அங்குலப் புரியில் சமாந்தரமானதும் கூம்பு வடிவானதும் கடைகளில் கலந்து கிடக்கின்றன. இரண்டிலும் அங்குலத்துக்கு 14 புரிகள் என்பதால் ஒன்றுக்குள் மற்றது சில சுற்றுகள் ஏறும். ஆனால் ஒன்றின் புரிக்கோணம் 55 பாகை, மற்றதன் கோணம் 60 பாகை. ஆகவே அது ஒழுங்காக இறுகாது. சமாந்தரப் புரியில் நீர் தடுக்கப்படுவது அடியில் வைக்கும் செப்பு வாசரினால்தான். அதில் வெள்ளை நாடாவைச் சுற்றிப் பயனில்லை. கூம்புப் புரிக்கு நாடா வேண்டும், முதற் புரியை விட்டுவிட்டுச் சுற்றுங்கள். அல்லாவிட்டால் நாடாத் துண்டு அறுந்து அமுக்கமானியின் வாயை அடைத்துவிடும். எந்தப் புரியானாலும் கழுத்தில் உள்ள சதுரப் பகுதியை ஸ்பானரால் பிடித்தே இறுக்க வேண்டும். வட்டப் பெட்டியைக் கையால் பிடித்துத் திருகினால் உள்ளிருக்கும் பற்சக்கரம் இடம்பெயர்ந்து, பூட்டும் நாளிலேயே அமுக்கமானி பிழையாகிவிடும்.

பதில்: முல்லைத்தீவு ஐஸ் ஆலைத் தொழிலாளி

நெல் ஆலை சம்பந்தமான கேள்விதான் என்றாலும், இந்தப் பதில்களைப் பார்த்து மற்ற ஆலைக்காரரும் வாங்குவார்கள் என்பதால் ஒன்றை எழுத வேண்டியிருக்கின்றது. கரையோரத்தில் எங்கள் ஐஸ் கட்டி ஆலையில் குளிரூட்டுவது அமோனியா. அமோனியா செம்பையும் பித்தளையையும் அரித்து, அவற்றில் வெடிப்பு விழச் செய்யும். ஆகவே மேலே சொன்ன பித்தளை உறுப்புள்ள அமுக்கமானி எதையும், செப்பு வாசரைக்கூட, அமோனியாக் குழாயில் பூட்டக் கூடாது. உட்குழாயும் கழுத்தும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது உருக்காக இருக்க வேண்டும். முகப்பில் அமோனியாவுக்கானது என்று எழுதியிருக்க வேண்டும். நல்லவற்றில் அமுக்கத்தோடு அந்த அமுக்கத்துக்குரிய வெப்பநிலையும் உள்வட்டத்தில் அச்சிடப்பட்டிருக்கும். அமோனியா 35 பாகையில் ஒடுங்கும்போது வெளியேற்றப் பக்கம் ஏறத்தாழ 12.5 பாரையும், உறிஞ்சும் பக்கம் மறை 15 பாகையில் ஏறத்தாழ 1.4 பாரையும் காட்டும்.

இன்னொன்று. எங்கள் பக்கத்து உப்புக் காற்றில் வர்ணம் பூசிய இரும்புப் பெட்டிகள் விரைவில் துருவேறி, கண்ணாடிக்குள் ஈரம் படிந்து, எண்களே தெரியாமற் போய்விடும். கடலுக்கு அண்மையில் உள்ளவர்கள் பெட்டியையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வாங்குவது நல்லது. ஆபத்தான வாயு உள்ள இடத்தில், முகப்புக்கும் உட்குழாய்க்கும் இடையில் முழுத்தகடு இருக்கும்படியும் பின்பக்கம் வெடித்துத் திறக்கும்படியும் அமைந்த பாதுகாப்பு வகையைக் கேளுங்கள். உட்குழாய் வெடித்தாலும் கண்ணாடி பார்ப்பவரின் முகத்துக்கு வராது.

கேள்வி கேட்டவர்: கிளிநொச்சி ஆலைப் பராமரிப்பாளர்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு விடயங்களில் மேலும் தெளிவு வேண்டும். பொயிலர் அமுக்கமானியை 3 மீற்றர் கீழே இறக்கினால் வாசிப்பு மாறுமா? ஆறிய நிலையில் முள் பூச்சியத்தில் நின்றால் அந்த அமுக்கமானி சரியானது என்று எடுத்துக்கொள்ளலாமா? கொழும்புக்கு அனுப்பிப் பரிசோதிப்பது அடிக்கடி முடியாத காரியம்.

பதில்: கருவித் தொழில்நுட்பவியலாளர், மாங்குளம்

வாசிப்பு மாறும். இறங்கும் குழாய் முழுவதும் ஒடுங்கிய நீரால் நிரம்பி நிற்கும். 10 மீற்றர் நீர் நிரல் ஏறத்தாழ 1 பார் என்பதால், 3 மீற்றர் கீழே உள்ள அமுக்கமானி உண்மையான நீராவி அமுக்கத்தைவிட 0.3 பார் கூட்டிக் காட்டும். பொயிலர் ஆறி, குழாயில் நீர் இருக்கும்போது முள் 0.3 இல் நின்றால் அது பழுதல்ல. அளவுத்திருத்தம் செய்பவரிடம் சொன்னால் இந்த நீர் நிரலைக் கழித்து முள்ளை அமைத்துத் தருவார். அப்படிச் செய்தால் எத்தனை மீற்றருக்குத் திருத்தப்பட்டது என்பதை முகப்பில் எழுதி வைக்க வேண்டும்; அல்லாவிட்டால் பின்னர் வருபவர் அதே அமுக்கமானியை வேறிடத்தில் பூட்டும்போது அது குறைத்துக் காட்டும். பொயிலரில் குறைத்துக் காட்டுவதுதான் உயிராபத்தான பிழை. என்னைக் கேட்டால் முள்ளைத் தொடாமல், கூட்டிக் காட்டும் 0.3 பாரை அப்படியே ஏற்றுக்கொண்டு பக்கத்தில் எழுதி வைப்பதே நல்லது.

பூச்சியத்தில் நிற்பது மட்டும் போதாது. முகப்பில் பூச்சியத்தின் அருகே சிறு ஆணி ஒன்று இருந்தால் முள் அதன் மேல் சாய்ந்து நிற்கும். பூச்சியத்துக்குக் கீழே போக வேண்டிய முள்கூட அங்கே நல்ல பிள்ளையாகத் தெரியும். இரண்டாவது, அமுக்கமானியின் பற்கள் தேய்வது எப்போதும் வேலை செய்யும் இடத்தில்தான். உங்களுடையது நாள் முழுவதும் 7 பாரில் அசைந்துகொண்டிருப்பதால் அந்த இடத்துப் பற்களே தேயும். பூச்சியத்தில் ஒரு குறையும் தெரியாது. ஆகவே வேலை செய்யும் அமுக்கத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பதே உண்மையான சோதனை.

அதற்குச் சைபனுக்கும் அமுக்கமானிக்கும் இடையில் மூவழி வால்வு ஒன்றைப் பூட்டுங்கள். அதன் ஒரு நிலையில் அமுக்கமானி பொயிலரோடு இணையும். இன்னொரு நிலையில் பொயிலரிலிருந்து பிரிந்து வெளிக்காற்றோடு இணையும், அப்போது முள் பூச்சியத்துக்கு வர வேண்டும். மற்றொன்றில் பக்கத்துளையில் பூட்டிய சோதனை அமுக்கமானியும் வேலை அமுக்கமானியும் ஒரே அமுக்கத்தைப் பெறும். 0.6 அல்லது அதிலும் நல்ல வகுப்புள்ள சோதனை அமுக்கமானி ஒன்றை வாங்கி, துணியில் சுற்றிப் பெட்டிக்குள் பாதுகாப்பாக வைத்து, இதற்கு மட்டுமே பயன்படுத்துங்கள். அதை மாத்திரம் ஆண்டுக்கொரு முறை அளவுத்திருத்தத்துக்கு அனுப்பினால் போதும். 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களமே நாட்டின் நியமங்களைப் பேணுகின்றது. அந்த நியமங்களோடு தொடர்புபடுத்தப்பட்ட அளவு என்று சான்றிதழில் குறிப்பிடப்பட்டிருக்கின்றதா என்று பாருங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் எடுத்த வாசிப்புகள் இரண்டும் அதில் தனித்தனியாக இருக்க வேண்டும்.

ஒப்பிடும்போது முதலில் அப்படியே வாசியுங்கள். பின்னர் விரலால் கண்ணாடியை மெதுவாகத் தட்டி மீண்டும் வாசியுங்கள். தட்டியவுடன் முள் குறிப்பிடத்தக்க அளவு பாய்ந்தால் உள்ளே உராய்வு இருக்கின்றது, வாசிப்பு ஒத்துவந்தாலும் மாற்றிவிடுவது நல்லது. ஒரேயொரு எச்சரிக்கை: ஒட்டு வேலைக்கு வைத்திருக்கும் ஒட்சிசன் உருளையின் அமுக்கமானியை, எண்ணெய் பட்ட எந்தச் சோதனைக் கருவியிலும் பூட்டிப் பார்க்க வேண்டாம். ஒட்சிசனும் எண்ணெயும் சேர்ந்தால் தீப்பற்றி வெடிக்கும்.

பதில்: வவுனியா பொயிலர் வேலைக்காரர்

8 பாருக்கான சிவப்புக் கோட்டைப் பற்றி ஒரு சொல். பல ஆலைகளில் அதைக் கண்ணாடியின் மேல் வர்ணத்தால் கீறி வைத்திருப்பார்கள். கண்ணாடியைத் துடைக்கும்போது அது வளையத்துக்குள் திரும்பிவிட்டால் கோடு 9 பாருக்கோ 10 பாருக்கோ நகர்ந்துவிடும், ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். கோடு முகப்புத் தகட்டிலேயே இருக்க வேண்டும். வாங்கும்போதே 8 பாரில் சிவப்புக் குறியிட்டுத் தரும்படி கேளுங்கள், பெரும்பாலான விற்பனையாளர்கள் செய்து கொடுப்பார்கள்.

பொயிலருக்கு நீரமுக்கப் பரிசோதனை நடக்கும் நாளில், பரிசோதனை அமுக்கம் வேலை அமுக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கும் என்பதால், வேலை அமுக்கமானியைப் பிரித்துவைத்து, வருபவரின் அமுக்கமானியை மூவழி வால்வின் பக்கத்துளையில் பூட்டக் கொடுங்கள். அந்தப் பக்கத்துளையின் புரி எது என்பதை வால்வு வாங்கும்போதே கேட்டு எழுதிவைத்துக்கொண்டால், பரிசோதனை நாளில் இணைப்புத் தேடி வவுனியாவுக்கு ஆளனுப்ப வேண்டி வராது.